இருபத்திரண்டு கட்டங்களில் ஐந்து

எங்கள் கம்பெனிக்குப் புதிய மென்பொருள் வந்து எட்டு மாதம் ஆகியும் ஒரு பெட்டிகூட அதன் வழியாகக் கப்பலுக்குப் போகவில்லை. பெட்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. எப்போதும்போலத் துண்டுச்சீட்டில் எழுதி, நோட்டில் ஏற்றி, டைப் அடித்து. எல்லாம் முடிந்த பிறகு இரண்டு பெண்கள் உட்கார்ந்து அதையே மறுபடியும் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். வேலை குறையும் என்று வாங்கிய ஒன்று, வேலையை இரண்டு மடங்காக ஆக்கிவிட்டது.

நாங்கள் செய்வது காய்ந்த பூ ஏற்றுமதி. வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தூத்துக்குடியில் இப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியாது. தாமரைக் காய், பைன் காய், பருத்திக் காயின் ஓடு, நெட்டித் தக்கையில் செய்த பூ என்று நூற்றுக்கணக்கான சாமான்கள். வெளுத்து, சாயம் ஏற்றி, வெயிலில் காயவைத்து, பெட்டி கட்டி அனுப்புவோம். வெளிநாட்டில் வீட்டு அலங்காரத்துக்கு வாங்குகிறார்கள். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எங்கள் கட்டடம். முன்னால் ஆபீஸ், நடுவில் அறுபது பெண்கள் வேலை பார்க்கும் பேக்கிங் ஹால், பின்னால் காயப்போடும் களம். நான் டிஸ்பாட்ச் பொறுப்பு. ஆர்டரில் கேட்டது கேட்டபடி கன்டெய்னருக்குள் ஏறி, கதவு மூடி சீல் வைக்கும் வரை என் தலையில்தான்.

அந்த ஆவணி மாதம் ஒரு பெரிய வாடிக்கையாளரிடமிருந்து மெயில் வந்தது. சின்னத் தாமரைக் காய் கேட்டிருந்தார்கள். நாற்பது பெட்டியில் நடுத்தரக் காய் போயிருக்கிறது. போட்டோவும் அனுப்பியிருந்தார்கள். பெட்டியின் மேலே எங்கள் ஸ்டிக்கர், உள்ளே வேறு சரக்கு. இப்படி நடப்பது அது முதல் தடவை இல்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் சொல்வோம். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், மேஜைமேல் இருக்கும் பேனாக்களை வரிசையாக அடுக்குவார். அன்றைக்கு எல்லாப் பேனாவும் வரிசையாக இருந்தது.

"ஏம்மா, அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்கள நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்லிருங்க. நம்ம பொம்பளையளுக்கு இது சரிப்படாது."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. "பொம்பளைய மேல தப்பு இல்ல அண்ணாச்சி. கம்ப்யூட்டர் மேலயும் முழுத் தப்பு இல்ல. நாம கோணலா நடந்துக்கிட்டு இருந்தோம். அந்தக் கோணல அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தி வச்சிட்டோம்."

"அப்ப என்ன செய்யணும்ங்கிய?"

"எனக்கு ஒரு மாசம் குடுங்க. மொத ரெண்டு வாரம் கம்ப்யூட்டரத் தொடவே மாட்டேன்."

இதைச் சொல்ல எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்றால், கல்யாணத்துக்கு முன்னால் நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான்கு வருஷம் ஸ்டோரில் வேலை பார்த்தேன். அங்கே லீன் என்று ஒரு முறை. வாங்குகிறவருக்குப் பயன்படாத எந்த வேலையும் வீண். காத்திருப்பது வீண், தூக்கிக்கொண்டு அலைவது வீண், ஒன்றை இரண்டு தடவை எழுதுவது வீண். முதலில் வேலை நடக்கிற இடத்தில் போய் நின்று கண்ணால் பார், பிறகு வீணை எடு, மிஷின் கடைசியில்தான். சுவரெல்லாம் இதை ஒட்டியிருப்பார்கள். அப்போது எனக்கு அது மிஷின்களைப் பற்றிய சங்கதியாகத்தான் பட்டது. மென்பொருளும் ஒரு மிஷின்தானே என்று தோன்றியது இந்த எட்டு மாத அவதிக்குப் பிறகுதான்.

மறுநாள் ஒரு ஆர்டர் மெயில் வந்தது. அதன் கூடவே நடந்தேன். அந்தக் காகிதம் எந்த மேஜைக்குப் போகிறதோ நானும் அங்கே போய் நிற்பேன். எப்போது வந்தது, யார் எடுத்தார், எவ்வளவு நேரம் கிடந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். முதல் நாள் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "என்னக்கா, சிஐடி வேலையா?" என்று ஸ்டோரில் கேலி. நானும் சிரித்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

அந்தக் காகிதம் மெயிலாக வந்து கன்டெய்னர் ஏறுவதற்குப் பதினோரு நாள் ஆனது. அதில் மனிதர் கை பட்டு வேலை நடந்த நேரத்தைக் கூட்டினால் மூன்று மணி நேரம்கூட இல்லை. மீதி எல்லாம் ட்ரேயில் படுத்துக்கிடந்த நேரம். சின்னத் தாமரை என்ற ஒரே சாமானை ஒன்பது இடத்தில் ஒன்பது தடவை எழுதியிருந்தோம். ஆபீஸில் அதற்கு ஆங்கிலப் பெயர், ஸ்டோரில் ஒரு நம்பர், ஹாலில் தமிழ்ப் பெயர். ஒவ்வொரு தடவை மாற்றி எழுதும்போதும் தப்புக்கு ஒரு வாசல் திறந்திருந்தது.

இதையெல்லாம் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் மார்க்கரால் வரைந்து ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். அண்ணாச்சி வந்து வெகுநேரம் பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்கன ஒண்ணரை நாள் கெடந்திருக்கே, இது யார் மேஜை?"

"ஒங்க மேஜை அண்ணாச்சி. கையெழுத்துக்கு வந்தது. நீங்க மதுரைக்குப் போயிருந்திய."

நான் கொஞ்சம் பயந்துதான் போனேன். அவர் கேட்டார்: "நான் அதுல என்ன பாத்துக் கையெழுத்துப் போடுதேன்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

யோசித்தார். "எதையும் பாக்கல. எங்க அப்பா போட்டாங்க, நானும் போடுதேன்." என் கையிலிருந்த மார்க்கரை வாங்கி அந்தக் கட்டத்தை அவரே குறுக்காக அடித்தார். எங்கள் கம்பெனியில் முதலில் எடுத்த வீண் முதலாளியின் கையெழுத்து. அதை அவரே எடுத்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. அதற்குப் பிறகு, என் மேஜையில் கை வைக்காதே என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மூன்றாவது வாரம் மென்பொருள் கம்பெனியின் ஆலோசகர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், என் வயதுப் பெண்தான். எட்டு மாதமாக எங்களிடம் அலைந்து அலுத்துப்போயிருந்தார். லேப்டாப்பைத் திறந்தபடியே, "இன்னும் என்னென்ன சேர்க்கோணும்னு லிஸ்ட் குடுங்க மேடம், பாத்துச் சொல்றேனுங்க" என்றார்.

"சேக்க வேண்டாம் மேடம். எடுக்கணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பத்து வருசத்துல எடுக்கோணும்னு ஆரும் கேட்டதில்லீங்க."

ஒரு பெட்டியைப் பதிவு செய்ய அந்தத் திரையில் இருபத்திரண்டு கட்டங்கள் நிரப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகப் போனோம். நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: இதை நிரப்பினால் யார் பார்ப்பார்கள்?

"ரிப்போர்ட்ல வருமுங்க."

"அந்த ரிப்போர்ட்ட யார் பாக்காவ?"

யாரும் பார்ப்பதில்லை. அழித்தோம். மாலைக்குள் ஐந்து கட்டங்கள் மிஞ்சின: எந்த ஆர்டர், என்ன சாமான், என்ன அளவு, எத்தனை, யார் கட்டியது. ஆலோசகர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "எங்க ஆபீஸ்ல காட்டினா சண்டைக்கு வருவாங்கங்க" என்றார். ஆனால் முகம் சிரித்தபடி இருந்தது. எட்டு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த ஐந்து கட்டத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனோம். பேக்கிங் ஹாலின் மேஸ்திரி கீழவைப்பாரிலிருந்து கம்பெனி வேனில் வருகிற ஒரு அக்கா. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். கையில் எடுத்த மாத்திரத்தில் காயின் அளவைச் சொல்லிவிடுவார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. டேப்லெட்டை அவர் கையில் கொடுத்தேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"ஏளா, இதுல எம் பூ எங்கன இருக்கு?"

திரையில் எல்.பி. நாற்பது என்.எஸ். என்று இருந்தது. அதுதான் சின்னத் தாமரை என்றேன்.

"இது பஸ் நம்பர் மாதிரில்லா இருக்கு."

கோயம்புத்தூர்க்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த அக்காவும் நாங்களும் ஹாலில் உட்கார்ந்து, புகார் அனுப்பிய அந்த வாடிக்கையாளர் வாங்குகிற முப்பத்தொரு சாமானையும் வெள்ளைத் துணிமேல் வைத்துப் போட்டோ எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஹாலில் என்ன பெயரோ அதுதான் திரையிலும் பெயர். ஆபீஸ் தன் ஆங்கிலப் பெயரைப் பின்னால் வைத்துக்கொள்ளட்டும். சின்னத் தாமரை, நடுத்தாமரை, முட்டைக் காய், பிஞ்சு, வெள்ளைச் சுருள். எதைத் தொட்டாலும் சரியான ஸ்டிக்கர் அங்கேயே அச்சாகி வரும்.

முப்பத்தொன்றோடு ஏன் நிறுத்தினோம் என்று அண்ணாச்சி கேட்டார். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நாளில் ஆரம்பிக்கலாம் என்றார். அதைத்தான் போன தடவை செய்தோம், எட்டு மாதம் போயிற்று என்றேன். ஒரு வாடிக்கையாளர், ஒரு மேஜை, அது ஒழுங்காக ஓடின பிறகுதான் இரண்டாவது. அவருக்கு முழுச் சம்மதம் இல்லை, ஆனாலும் விட்டுக்கொடுத்தார்.

ஒரு சட்டம் மட்டும் வைத்தேன். மேஜையில் என்ன தப்புத் தெரிந்தாலும், யாராக இருந்தாலும் கையைத் தூக்க வேண்டும். கை தூக்கினால் மேஜை நிற்கும். நானோ ஆலோசகரோ உடனே போக வேண்டும். சரி செய்த பிறகுதான் அடுத்த பெட்டி.

முதல் நாள் ஏழு தடவை நின்றது. ஐந்தாவது தடவை அண்ணாச்சி ஹாலுக்குள் வந்துவிட்டார். "ஏன் எல்லாரும் சும்மா நிக்காவ?"

நான் பதில் சொல்வதற்குள் மேஸ்திரி அக்கா முன்னால் வந்தார். "நாந்தான் நிப்பாட்டுனேன் அண்ணாச்சி. கையில இருக்கது நடுத்தாமரை, ஸ்டிக்கர் சின்னத் தாமரைன்னு வருது. ரெண்டுக்கும் ஒரே போட்டோவ வச்சிருக்காவ."

அண்ணாச்சி காயை வாங்கிப் பார்த்தார். போன தடவை நாற்பது பெட்டியில் மாறிப் போனது இதே இரண்டு காய்தான். காயை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். ஆலோசகர் பத்து நிமிஷத்தில் போட்டோவை மாற்றினார். இதே தப்பு முன்பு நடந்திருந்தால் பெட்டிக்குள் போய், கப்பல் ஏறி, கடல் தாண்டி, ஆறு வாரம் கழித்து மெயிலாகத் திரும்பி வந்திருக்கும். இப்போது மேஜையை விட்டு இறங்கவே இல்லை.

இரண்டாம் நாள் நான்கு தடவை. மூன்றாம் நாள் இரண்டு. நான் அந்த எண்களைப் பலகையில் பெரிதாக எழுதி வைத்தேன். நான்காம் நாள் மதியம் வரை ஒரு கைகூட உயரவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், சந்தேகம்தான் வந்தது. போய்ப் பெட்டிகளைப் பார்த்தேன். மூன்று ஸ்டிக்கரில் அச்சு தப்பாக வந்து, மூன்று பெண்கள் அதன்மேல் பேனாவால் திருத்தியிருந்தார்கள்.

"ஏன் கை தூக்கல?"

ஒரு பெண் பலகையைக் காட்டினாள். "நம்பர் கொறையக் கொறையத்தானக்கா ஒங்களுக்குச் சந்தோசம்?"

அந்தத் தப்பு என்னுடையது. அவர்கள் கையை நானே கட்டிப்போட்டிருக்கிறேன். பலகையை எல்லோர் முன்னாலும் அழித்தேன். அதில் பிறகு எழுதியது ஒன்றுதான்: இன்றைக்கு யார் கை தூக்கினார், அதனால் எது சரியானது. அன்று மாலை, அந்தத் தப்பை எடுத்துச் சொன்ன அந்த மூன்று பெண்களின் பெயர்களும் அதில் ஏறின. மறுநாள் ஆறு தடவை மேஜை நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இவ்வளவும் செய்த நான் ஒரு மனிதரை மறந்துவிட்டேன். எங்கள் ஆபீஸில் பதினெட்டு வருஷமாக பேக்கிங் லிஸ்ட் டைப் அடிக்கிற ஒரு அண்ணன் இருந்தார். ஹாலிலிருந்து வரும் சீட்டுகளை வரிசைப்படுத்தி, எந்தப் பெட்டியில் என்ன என்று லிஸ்ட் போடுவது அவர் வேலை. அமைதியான ஆள். புதிய முறையில் கடைசிப் பெட்டி ஒட்டி முடித்ததும் லிஸ்ட் தானாக அச்சாகிவிடும். அப்படி அச்சான முதல் லிஸ்டை நான் உற்சாகமாக ஆபீஸுக்குக் கொண்டுவந்து எல்லோரிடமும் காட்டினேன். அவரிடமும் காட்டினேன்.

அவர் அதை முழுக்க வாசித்தார். ஒரு தப்பும் இல்லை. திருப்பித் தந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நான் எதுக்கு?"

இந்தப் புதிய முறையால் யாரும் வேலை இழந்து வீட்டுக்குப் போகக் கூடாது என்று அண்ணாச்சியிடம் முதல் நாளே பேசி வைத்திருந்தேன்; அவரும் ஒத்துக்கொண்டிருந்தார். ஆனால் அதை அந்த அண்ணனிடம் நான் சொல்லவே இல்லை. இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. டீ குடிக்கக்கூட நான் இருக்கும்போது வரமாட்டார். அது எனக்கு வலித்தது. வலிக்க வேண்டியதுதான்.

பிறகு ஒரு நாள் அவர் மேஜைக்கு நானே போனேன். "அண்ணே, மன்னிச்சிருங்க. ஒங்ககிட்ட மொதல்ல வந்து பேசியிருக்கணும். இப்ப ஒரு உதவி கேக்கத்தான் வந்தேன். எந்த பார்ட்டிக்கு என்ன புடிக்கும், என்ன புடிக்காதுன்னு இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியல. ஒங்களுக்குத்தான் தெரியும்."

கீபோர்டைத் தள்ளி வைத்தார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். ஒருவருக்கு ஸ்டிக்கர் பெட்டியின் இடப்பக்கம் இருக்க வேண்டும். ஒருவர் கனமான பெட்டியைக் கதவோரம் கேட்பார், அவர்கள் கிட்டங்கியில் சரக்கு இறக்க அதுதான் வசதி. ஒரு நாட்டில், பெட்டி அடுக்கும் மரப்பலகையில் பூச்சி நீக்கிய முத்திரை இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். இரண்டு மணி நேரம் பேசினார். எட்டு மாதமாக எந்தத் திரையிலும் இல்லாதது எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அடுத்த கன்டெய்னரிலிருந்து கதவருகே நின்று, ஏறுகிற ஒவ்வொரு அடுக்கையும் பார்த்துச் சரி என்று சொல்வது அவர் பொறுப்பாயிற்று.

ஐப்பசியில் அந்தத் தாமரைக் காய் வாடிக்கையாளரின் கன்டெய்னர் முதல் தடவையாகப் புதிய முறையில் முழுதாக ஏறியது. வானம் இருட்டிக்கொண்டு நின்றது. காய்ந்த பூவுக்கு ஈரம் எமன். வழக்கமாக சாயங்காலம் வரை இழுத்தடித்து, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். அன்று காலை பதினொரு மணிக்குக் கடைசி அடுக்கு ஏறிவிட்டது. லாரி டிரைவர் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். எழுப்பினால் நம்பவில்லை.

"என்னக்கா, வெளையாடுதியளா? நான் சாயங்காலம்னுல்லா சாப்பாடு கட்டிட்டு வந்தேன்."

மேஸ்திரி அக்கா தமிழில் அச்சான லிஸ்டில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே வந்தார். ஒரு வரியில் அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணை இடித்து, "இது நான் கட்டுனது, பாரு" என்றார். டைப் அடிக்கிற அண்ணன் கதவில் சீல் மாட்டி, இழுத்துப் பார்த்து, ஓரடி பின்னால் தள்ளி நின்றார். "பதினெட்டு வருசமா லிஸ்ட் அடிச்சிருக்கேன். ஒரு கன்டெய்னர் கதவு மூடுறத இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, கதவைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை. ஆனால் சொன்னார்.

ஆறு வாரம் நான் தினமும் காலையில் மெயிலைத் திறந்ததும் புகார் இருக்கிறதா என்றுதான் தேடுவேன். ஏழாவது வாரம் அடுத்த ஆர்டர் மட்டும் வந்தது. புகார் என்று ஒரு வரி இல்லை. அதை அச்செடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "ரெண்டாவது பார்ட்டி யாரு?" என்று கேட்டார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

ஒவ்வொருவராக எங்கள் ஏழு வாடிக்கையாளரையும் கொண்டுவர ஒன்றரை வருஷம் ஆனது. இப்போது எங்கள் ஹாலில் துண்டுச்சீட்டு கிடையாது. ஒரே வேலையை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சாம்பிள் அறையில் புதிய அலங்காரங்கள் செய்கிறார்கள். அதில் ஒன்று போன வருஷம் எங்களுக்குப் புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது. பதினோரு நாள் எடுத்த காகிதம் இப்போது நான்கு நாளில் போகிறது. அதைவிடக் குறைக்க முடியும் என்று நான் நம்புகிறேன். ஸ்டோரில் இன்னும் ஒரு ட்ரே இருக்கிறது, அதை எடுக்கச் சொல்லி நான் நச்சரித்துக்கொண்டே இருக்கிறேன்.

கோயம்புத்தூர் ஆலோசகர் எங்கள் ஐந்து கட்டத் திரையை மற்ற இடங்களிலும் காட்டினார். அப்படித்தான் ஒரு மீன் கம்பெனியும் ஒரு உப்பு பேக்கிங் கம்பெனியும் என்னைக் கூப்பிட்டன. அண்ணாச்சி சனிக்கிழமைகளில் போய்வர அனுமதி தந்தார். மீன் கம்பெனியில் மேனேஜர் பெருமையாக நாற்பது விதமான ரிப்போர்ட்டைத் திறந்து காட்டினார். "இன்னைக்குக் காலையில இதுல எதப் பாத்திய சார்?" என்று கேட்டேன். ஒன்றிரண்டைத் திறந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

வெளியே போய் வருகிற ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும் என்று போன மாதம் அண்ணாச்சி அச்சடிக்கச் சொன்னார். பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டார்கள். ஆலோசகர் போனில் இரண்டு மூன்று பெரிய பட்டங்களைச் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. டிஸ்பாட்ச் பொறுப்பு என்று போட்டால் போதும் என்றேன். அச்சாகி வந்ததும் முதல் கார்டை மேஸ்திரி அக்காவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு அடிக்கச் சொல்லுளா" என்றார். நான் சொல்லியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை உப்புக் கம்பெனிக்கு என்னோடு அவரும் வருகிறார்.